இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

நாகலாடியில் அழித்த எழுத்துகள் திரும்பி வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கச்சேரித் தெருவில், செத்துப்போனவள் என்று ஊரே ஒத்துக்கொண்ட பொற்கொடியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், மின்னல் ஆஃப்செட் அச்சகத்து அய்யாத்துரையின் கீபோர்டைக் கழுவித் துடைத்து அவள் தன் பழைய பெட்டியில் மாட்டிப் பார்த்த நேரத்தில்தான். அதற்கு முன்னால் அந்த ஊரில் அழித்தது அழித்ததாகவே இருந்தது. எல்லாரும் அந்தத் தைரியத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பழைய பெட்டி என்றால் கம்ப்யூட்டர்தான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் முதன்முதலாக நம்பிய காலத்தில் செய்தது. கீபோர்டும் உடம்பும் ஒன்றாக ஒட்டிப் பிறந்தது. திரை வேண்டுமென்றால் வீட்டு டிவியைப் பிடித்துக்கொள்வது. பொற்கொடியின் புருஷன் எட்வின் கப்பலில் எலெக்ட்ரீசியன். உடைக்கப் போன ஒரு கப்பலின் அறையிலிருந்து அதைத் தூக்கிவந்து, கல்யாண நாளுக்குப் புடவை எடுத்துத் தராமல் இதைத் தந்தான். அவளும் புடவை கேட்கவில்லை.

பெட்டிக்கு உயிர் இருந்தது, சொந்த எழுத்துக் கட்டைகள்தான் உளுத்துப் போயிருந்தன. பொற்கொடி தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, ஒரு பக்கம் இந்தக் காலத்து யுஎஸ்பி வாயும் மறுபக்கம் அந்தக் காலத்து உருண்டைப் பின்னும் வைத்து சால்டர் அடித்து, இந்தக் காலத்துக் கீபோர்டு பேசுவதை அந்தக் காலத்துப் பெட்டிக்கு எடுத்துச் சொல்ல ஒரு சின்ன புரோகிராமும் எழுதிப் போட்டாள். கலர் கலராக லைட் எரிகிற கீபோர்டுகளை அது சேர்க்காது, அவ்வளவு கரண்டு கொடுக்க அதற்கு வக்கில்லை. வயர் இல்லாத ஜாதியை ஏறெடுத்தும் பார்க்காது. சாதாரண வயர் கீபோர்டு, சாதாரண வயர் மவுஸ் என்றால் மட்டும் வா என்று சேர்த்துக்கொள்ளும். ரிப்பேருக்கு வரும் கீபோர்டுகளை அதில் மாட்டி, ஒவ்வொரு கட்டையாகத் தட்டிச் சோதித்துத் தருவது அவள் வழக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் எதையும் தட்டவில்லை. மாட்டியதும் டிவியில் எழுத்துகள் தானாக ஓட ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி. தமிழ் எழுத்துரு தெரியாத மெஷினில் பழைய டிடிபி தமிழைத் திறந்தால் இப்படித்தான் வரும், அச்சகங்கள் நிறைந்த கச்சேரித் தெருவில் பாதிப்பேர் அதைத் தமிழைவிட வேகமாகப் படிப்பார்கள். எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி என்றால் அன்பு.

"அன்புத் தாய்மாமன் சுடலைமணி" என்று அய்யாத்துரை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இது போன மாசம் பத்திரிகையில எடுக்கச் சொன்ன பேரு தங்கச்சி. அழிச்சிட்டேனே."

"அழிச்சதுதாண்ணே வருது" என்றாள் பொற்கொடி.

அறுபத்து நாலு கிலோபைட் நினைவோடு பிறந்த பெட்டி அது. பஞ்சத்தில் வளர்ந்தவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டார்களே, அப்படி ஒரு எழுத்து வீணாய்ப் போவது அதற்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. காரணம் என்று இவ்வளவுதான் சொல்லலாம். அதற்குமேல் நாகலாடியில் யாரும் கேட்கவும் இல்லை, அவரவர் கீபோர்டை எங்கே ஒளித்து வைப்பது என்ற கவலையே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இனி பொற்கொடி செத்த கதை. எட்வின் வேறு சாதி, வேறு சாமி என்று தெரிந்தேதான் அவனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள். போன கொஞ்ச நாளில், பஸ் ஸ்டாண்டு சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் ரைஸ் மில் சுவரிலும், கறுப்பு பார்டர் கட்டி, அவள் பத்தாம் வகுப்புப் படத்தைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. நடுவில் "கூடு இங்கே, குயில் எங்கே" என்று ஒரு கவிதை வேறு. கீழே: இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.

ஓடிப்போன பெண்ணுக்கு இப்படிப் போஸ்டர் அடிப்பது ஊருக்குப் புதிதல்ல. நாங்கள் அவளைச் செத்தவளாக நினைத்துக்கொண்டோம் என்று அதற்கு அர்த்தம். படிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். தெரியாத ஒரே ஆள் பொற்கொடியின் அம்மா சீனியம்மாள். பொத்திப் பொத்தி வளர்த்த பெண் ஓடிப்போனதைக்கூட அவளிடம் சொல்லியிருக்கவில்லை, கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அக்காள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பியவள் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள், ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மகன் கார்மேகத்தின் சட்டையைப் பிடித்து நெசமாடா என்று கேட்டாள். அப்பா இல்லாத வீட்டுக்கு அவன்தான் பெரிய ஆள்.

"அச்சுலயே வந்துருச்சேம்மா" என்றான் கார்மேகம்.

அதோடு முடிந்தது. அச்சில் வந்ததை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று நினைக்கிறவள் சீனியம்மாள். ஊரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிழவி மனசு தாங்காது, அவள் காதில் எதையும் போடாதீர்கள் என்று கார்மேகம் சொன்னதை எல்லாரும் கடமையாக எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிற மகளுக்கு ஒரு தாய் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் படையல் போடுவதைப் பார்த்துக்கொண்டு, அந்தப் படையல் வடையையும் வாங்கித் தின்ற ஊர் அது. அந்த ஊரின் மேல் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

இந்தப் படையல் சேதி எட்டிய அன்றைக்குத்தான் பொற்கொடி திரும்பி வருவதென்று முடிவு செய்தாள். எட்வின் கப்பலிலிருந்து போன் போட்டு, "விட்டுத் தள்ளு கொடி, உங்க அண்ணனுக்கு அவன் சாமி கூலி குடுக்கும்" என்றான்.

"அவன் சாமி அவன்கிட்ட நன்கொடை வாங்குற சாமி. நானே குடுத்துக்கிறேன்" என்றாள்.

வந்து கடைக்கு இடம் கேட்டபோது கட்டடக்காரர் தலையைச் சொறிந்தார். செத்தவள் பேரில் எப்படி அக்ரிமெண்ட் போடுவது என்பது அவர் சங்கடம். அட்வான்ஸை மட்டும் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு, பத்திரத்தை எட்வின் பேரில் எழுதினார். வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றாள். சீனியம்மாள் வெயிலுக்குக் கையை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு தாயி? எம் மக சாயல்ல இருக்க" என்றாள். அம்மா நான்தான், நான்தான் என்று இவள் அழ, "பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட இப்படியெல்லாம் சொல்லக் கூடாது தாயி. அச்சுல வந்துருச்சு" என்று சொல்லி ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினாள். பைத்தியம் ஒன்றுமில்லை. பால்காரனிடம் அரைக்கால் லிட்டர் குறைந்தால் கண்டுபிடிக்கிற புத்தி அப்படியேதான் இருந்தது.

அதைவிடக் கொடுமை ஆடி பிறந்ததும் நடந்தது. சீனியம்மாள் கடை தேடி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பேப்பரில் போட நினைவஞ்சலி ஒன்று எழுதித் தரச் சொன்னாள்.

"யாருக்கு?" என்று கேட்டாள் பொற்கொடி. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எம் மக பொற்கொடிக்கு. நல்ல பிள்ளைன்னு போடு தாயி. யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான்னு போடு."

"எதிர்த்துப் பேசுவாளே."

"அது எனக்குத் தெரியும், பேப்பருக்கு எதுக்கு? செத்த பிள்ளையப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடு."

பொற்கொடி தன் சாவுக்குத் தானே நாலு வரி அடித்துக் கொடுத்தாள். அம்மா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து, அழகா இருக்கு என்றாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பொற்கொடிக்கு வந்த கோபம் அழுது தீர்கிற கோபம் இல்லை. இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள் என்ற அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனின் பேர் வேண்டும், அதுவும் அம்மா நம்புகிற இடத்தில், அச்சில் வேண்டும். கார்மேகம் என்று அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் அவன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான், அது ஊர் செய்தது, நான் இல்லை என்று. அடித்த அய்யாத்துரையைக் கேட்டால், "பென் டிரைவ்ல வந்துச்சு தங்கச்சி, யாரு குடுத்தான்னு யாருக்கு ஞாபகம்" என்று கூரையைப் பார்த்தார்.

இந்த நேரத்தில்தான் பெட்டி அழித்ததைத் திருப்பித் தர ஆரம்பித்தது. ஆகையால் அவளுக்கு அது அதிசயமாகவே படவில்லை, தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்த ஒரு சாமான் போலத்தான் இருந்தது.

முதல் வாரம் ஊர் பயந்தது. வசதியானவர்கள் கீபோர்டுகளைச் சாக்கில் கட்டிக் கண்மாயில் எறிந்தார்கள், வலை போட்டவர்களுக்குக் கெண்டையோடு கீபோர்டும் கிடைத்தது. அப்புறம் பயம் தெளிந்து ஆசை வந்தது. தாய்மாமன் சுடலைமணி பத்திரிகையில் தன் பேரை எடுத்ததற்காக மண்டபத்தில் நாற்காலியைத் தூக்கினார், அன்றிலிருந்து நாகலாடியில் கல்யாணப் பத்திரிகை எட்டுப் பக்கத்துக்கு வர ஆரம்பித்தது. ஹெட்மாஸ்டர் தனசேகரனின் கீபோர்டு, இத்துடன் என் வேலையை ராஜினாமா செய்கிறேன் என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கொட்டியது. அதைக் கேட்ட அவர் மனைவி முதன்முறையாக அவருக்கு இரண்டாவது காப்பி போட்டுக் கொடுத்தாளாம். ஜாதகம் பார்ப்பதோடு கீபோர்டுப் பொருத்தமும் பார்ப்பது என்று வழக்கம் வந்தது. பெண் வீட்டார் மஞ்சள் பையில் மாப்பிள்ளையின் கீபோர்டை வாங்கிவந்து, வெற்றிலை பாக்கு வைத்து, அம்மா கொஞ்சம் மாட்டிப் பாருங்க என்பார்கள். செத்தவள் என்று முகம் திருப்பியவர்கள் எல்லாரும் அந்தச் செத்தவளின் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள், டோக்கன் கூடக் கேட்டார்கள்.

மவுஸையும் மாட்டினாள். மவுஸ் எழுத்து தராது. போய், பிறகு வேண்டாமென்று திரும்பிய இடங்களை மட்டும் திரையில் கோடாக இழுக்கும். ஒரு சர்வேயரின் மவுஸ் ஒப்புதல் பொத்தானுக்கு அருகே போய்ப் போய்த் திரும்பி, பெரிய பூசணிக்காய் போல ஒரு வட்டம் போட்டது. கையெழுத்துக்குக் காத்திருந்த ஒரு விவசாயி அதைப் பார்த்துவிட்டு, "அமுக்கணும்னு நினைச்சிருக்காருய்யா பாவம்" என்றார். போனில் தட்டி அழித்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். போனுக்கு அந்தப் பெட்டியில் வாய் கிடையாது.

வரிசையில் வந்த ஒவ்வொரு கீபோர்டிலும் பொற்கொடி ஒன்றைத்தான் தேடினாள். தன் பேரைத் தேடினாள். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ எழுதி அழித்திருந்தார்கள், அவள் சாவை மட்டும் எவரும் எழுதியிருக்கவில்லை. கார்மேகத்தின் மேசையில் இருந்ததோ கலர் லைட் எரிகிற, வயர் இல்லாத புது கீபோர்டு. அது பெட்டியிடம் வாயே திறக்காது.

கார்மேகம் அப்போது பேரூராட்சித் தலைவர் தேர்தலுக்கு நிற்க இருந்தான். கடை கடையாக ஏறிக் கும்பிட்டவன் இவள் கடைக்கு முன்னால் மட்டும் எதிர்ப்பக்கத்து மெடிக்கலைப் பார்த்துக்கொண்டு நடந்தான். கூட வந்தவன் யாரோ, "இந்தக் கடைண்ணே" என்றதற்கு, "செத்தவங்களுக்கு ஓட்டு இல்லடா" என்று சொல்லிச் சிரித்தான். அவள் காதில் விழும்படிதான் சொன்னான்.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கொடுத்தாலும் அதில் உபயம் என்று தன் பேரை எழுதாமல் விடமாட்டான். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் உபயம், மா. கார்மேகம் பி.காம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் முதுகு சாய்கிற இடத்தில் அவன் பேர், உட்கார்ந்து எழுந்தால் வெள்ளைச் சட்டையில் அது கண்ணாடி எழுத்தாக ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர்ப் பந்தல் டம்ளருக்கு உள்ளேகூடப் பெயிண்ட் அடித்திருந்தான்.

ஒரு வியாழக்கிழமை நூலகர் மேகலா ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாள்.

"அக்கா, இதுல பெயிண்டைச் சுரண்டித் தர முடியுமா? குடுத்த நாள்லேருந்து ஒருத்தரும் தொட்டதில்ல. எந்த எழுத்து எங்கேன்னே தெரியல."

பிரித்தாள். பழைய வயர் கீபோர்டு. எல்லாக் கட்டைகளின் மேலும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சிவப்பு எனாமல் பெயிண்டில், உபயம், மா. கார்மேகம் பி.காம். என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு மவுஸ். அதன் முதுகிலும் உபயம்.

"இது எந்த வருஷம் குடுத்தது மேகலா?"

"உங்க போஸ்டர் ஒட்டின வருஷம்தான்க்கா, நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி. புது கம்ப்யூட்டர் வாங்கினப்போ, அவர் வீட்ல இருந்த பழசையெல்லாம் விழா வச்சுக் குடுத்தாராம்."

பொற்கொடி அந்தச் சிவப்புப் பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தாள். போஸ்டரில் தன் பேரைப் போடாத அந்த ஒரு தடவை தவிர, வாழ்நாளெல்லாம் எல்லாவற்றிலும் பேரைப் போட்டவன், அந்த ஒரு தடவை எந்தக் கட்டைகளில் அடித்தானோ அதே கட்டைகளின் மேலும் பேரைப் போட்டு, வேறு ஒருவரும் தொட்டுவிடாதபடி பெயிண்டால் மூடி, பொதுச் சொத்தாக ஊருக்கே கொடுத்து வைத்திருக்கிறான். இவனை என்னவென்று சொல்வது? சுரண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள். தனியாக மாட்டிப் பார்க்கவும் இல்லை. சனிக்கிழமை சந்தை நாளில், உச்சிப் பொழுதில், டிவியைக் கடை வாசலுக்குத் தூக்கிவந்து, அய்யாத்துரையை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, அத்தனை பேரும் பார்க்க மாட்டினாள்.

முதலில் வந்ததெல்லாம் அவன் தனக்கு வைத்துப் பார்த்து வேண்டாமென்று விட்ட பட்டங்கள். ஏழைப் பங்காளர், அழிப்பு. எளிமையின் சிகரம், அழிப்பு. நாகலாடியின் நம்பிக்கை நட்சத்திரம், அழிப்பு. அய்யாத்துரை படிக்கப் படிக்கக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்புறம் ஓட்டம் மெதுவாயிற்று. ஜி, எச், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச்.

"பாப்பா" என்று படித்தார் அய்யாத்துரை.

கார்மேகம் தங்கையைக் கூப்பிடுகிற பேர் அது. பேர் போட வேண்டிய இடத்தில் முதலில் அதைத்தான் அடித்திருக்கிறான். அடித்து, அழித்துவிட்டு, பொற்கொடி என்று மாற்றியிருக்கிறான். அடுத்து வந்தது மறைவு. அவள் வீட்டைவிட்டுப் போன தேதியை அடித்து அழித்திருந்தான். அடுத்த நாள் தேதியை அடித்து, அது அஷ்டமி என்பதாலோ என்னவோ அதையும் அழித்திருந்தான். கடைசியில், போஸ்டரில் வந்த ஆடி அமாவாசையைப் பொறுக்கியிருக்கிறான், திதி கொடுக்கத் தோதாக இருக்கும் என்று.

அய்யாத்துரை நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. முப்பது வருஷமாக அந்த எழுத்தைப் படித்தே பழகிய வாய், கண் போன இடத்துக்கெல்லாம் தானாகப் போனது. "இப்படிக்கு" என்றார். "மா. கார்மேகம் பி.காம்." என்றார். உபயம் போடுகிற கை பழக்கதோஷத்தில் முதலில் தன் பேரைத்தான் போட்டிருக்கிறது, பிறகுதான் புத்தி வந்து அழித்திருக்கிறது. "இப்படிக்கு, தாயார் சீனியம்மாள்" என்றார். அதுவும் அழிப்பு. அதற்குப் பிறகு டிவியில் வெறும் கறுப்புதான். ஊர்ப் பொதுமக்களை அவன் அழிக்கவே இல்லை.

யாரோ ஒரு பெண், "பாப்பான்னு அடிச்சிருக்கானே, மனசு கேக்கல போலருக்கு, பாவம்" என்றாள். ஒரு நிமிஷம் பொற்கொடிக்கும் அப்படித்தான் தோன்றியது, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அண்ணன்தானே. அந்த ஒரு நிமிஷத்தைச் சரிபார்க்கத்தான் மவுஸையும் மாட்டினாள். எத்தனையோ பேரின் தயக்கத்தைக் கோடு கோடாக இழுத்த அந்தத் திரையில், கார்மேகத்தின் மவுஸ் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அவன் நேராகப் போய் அமுக்கியிருக்கிறான். எங்கேயும் திரும்பவில்லை.

"போதும்ணே" என்றாள் பொற்கொடி. "இனி போஸ்டர் அடிக்கணும்."

அய்யாத்துரை கையெடுத்துக் கும்பிட்டார். "எம் மெஷின்ல அடிச்சா என்னைய சும்மா விடுவானா தங்கச்சி? நாளைக்கு அவந்தான் தலைவரு."

"அன்னைக்கு என்னைய அடிச்சீங்கல்ல? அப்ப ஒரு வார்த்தை கேட்டீங்களா, பிள்ளை உசுரோட இருக்கான்னு? அதே சைஸு, அதே கறுப்பு பார்டர். இல்லன்னா உங்க பழைய கீபோர்டு ரெண்டு எங்கிட்ட இருக்கு, அதையும் வாசல்ல வச்சே மாட்டுவேன்."

அடித்துக் கொடுத்தார்.

அதே போஸ்டர்தான். அதே பத்தாம் வகுப்புப் படம், அதே குயில். ஒரே வித்தியாசம், அவன் அழித்த எதையும் அவள் அழிக்கவில்லை. பேருக்கு மேலே பாப்பா இருந்தது. மறைவு என்ற இடத்தில் மூன்று தேதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. கடைசியில், இப்படிக்கு, மா. கார்மேகம் பி.காம்., தாயார் சீனியம்மாள், ஊர்ப் பொதுமக்கள்.

அச்சகத்திலேயே அதைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். "அவன் செஞ்சான், அவன் பேரு இருக்கட்டும். எங்க பேரை எதுக்கும்மா போட்ட? எடுத்துரு" என்றார்கள்.

"உங்க பேரை அவன் அழிக்கலையே" என்றாள். "அவனே வச்சிருக்கும்போது நான் எப்படி எடுக்க?"

பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் அவளே ஒட்டினாள். தன் சாவுப் போஸ்டரைத் தானே ஒட்டுகிறவளை ஊர் வாசலில் நின்று பார்த்தது. பள்ளிக்கூடச் சுவர், ரைஸ் மில் சுவர், கடைசியாக பஸ் ஸ்டாண்டு குழாயடிச் சுவர். அங்கே ஏற்கெனவே கார்மேகம் கும்பிட்டபடி சிரிக்கிற தேர்தல் போஸ்டர் இருந்தது. அதன் தோளை ஒட்டி இதை வைத்துத் தடவினாள். பசை காய்வதற்கு முன்பே, தண்ணீர்க் குடத்தோடு வந்த சீனியம்மாள் சுவருக்கு முன்னால் நின்றாள்.

மகளின் படத்தைப் பார்த்ததும் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். பாப்பா என்ற இடத்தில் விரல் நின்றது, யோசித்தது, இறங்கியது. மறைவு என்ற இடத்தில் ஒரு தேதியைப் படித்தாள், அடுத்ததைப் படித்தாள், அதற்கடுத்ததையும் படித்தாள்.

"இது என்ன தாயி, ஒரு பிள்ளை மூணு தடவையா சாகும்?"

அச்சுதான் சொல்ல வேண்டும் என்று பொற்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். விரல் மகன் பேருக்கு வந்தது, அதைத் தாண்டியது, தாயார் என்ற எழுத்தைக் கூட்டியது, சீ என்றது, னி என்றது, சீனியம்மாள் என்று முழுதாக வாய்க்கு வந்ததும் தீயைத் தொட்டாற்போலப் பின்வாங்கியது.

"நான் எப்ப போடச் சொன்னேன்?" என்றாள் சீனியம்மாள். முதலில் மெதுவாகத்தான் கேட்டாள். "ஏய்யா, நான் சொல்லலையே. எங்கிட்ட யாரும் கேக்கலையே. நான் சொல்லாததை நான் சொன்னேன்னு அச்சுல போட்டுருக்கு." பிறகு சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "அப்ப அச்சுல பொய்யும் வருமா?"

தன்னைப் பற்றிப் பொய் சொன்ன அச்சு மகளைப் பற்றியும் பொய்தான் சொல்லியிருக்கும் என்று கண்டுகொள்ள, பாலில் அரைக்கால் லிட்டர் குறைவதைக் கண்டுபிடிக்கிற புத்திக்கு நெடுநேரம் ஆகவில்லை. அவள் திரும்பிப் பொற்கொடியைப் பார்த்தாள். பசை ஒட்டிய கையை, நெற்றியை, புருவத்துக்கு மேலே சின்ன வயதில் அம்மிக்கல்லில் விழுந்த தழும்பைப் பார்த்தாள். அழவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. முகம் மட்டும் கறுத்து இறுகியது.

அந்த நேரம் பார்த்து வேட்புமனு கொடுக்கப் போகிற கார்மேகத்தின் ஊர்வலம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. முன்னால் மேளம், பின்னால் வெடி, நடுவில் கழுத்து தெரியாமல் மாலை போட்டுக்கொண்டு கும்பிட்டபடி அவன். சுவரைப் பார்த்தான். சுவருக்கு முன்னால் நின்ற அம்மாவைப் பார்த்தான். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"அம்மா, இந்த வெயில்ல இங்க என்ன பண்ற? வீட்டுக்குப் போம்மா" என்றான்.

சீனியம்மாள் குழாயைத் திறந்து குடத்தை நிரப்பினாள். நிரம்பும்வரை நிதானமாக நின்றாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, குடத்தைத் தூக்கி, ஊர்வலத்துக்கு நேர் எதிரே, மகனின் முகத்தைப் பார்த்தபடியே தலையோடு ஊற்றிக்கொண்டாள். இழவு முடிந்து வந்தால் ஊற்றிக்கொள்வதுபோல ஊற்றிக்கொண்டாள். தலைமுழுகிவிட்டேன் என்று வாயால் சொல்கிறவர்கள் நாகலாடியில் தெருவுக்கு நாலு பேர் உண்டு, நடுத்தெருவில் குடத்தைக் கவிழ்த்தவளை அன்றுதான் பார்த்தார்கள். இரண்டாவது குடம் பிடித்தாள். அதையும் ஊற்றினாள்.

மேளக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு தாய் தெருவில் தலைமுழுகுவதையும், எதிரே ஓர் ஆள் மாலையும் கழுத்துமாக அசையாமல் நிற்பதையும் கண்ட கைகள், யாரும் சொல்லாமலே சாவு அடிக்கு மாறிவிட்டன. தொழில் பழக்கம். நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா என்று கார்மேகம் கத்தியது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாய் ஒதுங்கினார்கள், பழக்கத்தில் ஒருவன் பூவைக் கூடப் பிய்த்து ரோட்டில் போட்டான்.

சீனியம்மாள் தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டாள்.

"பசிக்குதுடி" என்றாள் பொற்கொடியிடம். "என்ன ஆக்கி வச்சிருக்க?"

"காலையில வச்ச ரசம்தாம்மா இருக்கு."

"போதும், வா."

வெற்றுக் குடத்தைப் பொற்கொடி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கச்சேரித் தெரு முனையில் அவள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மேளம் இன்னும் நிற்கவில்லை, அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவளுக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.